திருமலைக்கு நீலம், பெஞ்சமினுக்குச் சிவப்பு

போன மாதம் ஷ்ருதி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் கம்பெனி லேபில் சேர்ந்தவள். இப்போது நிறம் சேர்க்கும் அந்த ஷேட் லேபுக்கே அவள்தான் பொறுப்பு. புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். பெயிண்ட் பூசிய தகட்டை அதன் முன்னால் வைத்தால் போதும், எந்த நிறத்தில் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். நல்லதுதான், அது அப்போதே இருந்திருந்தால் எங்களுக்குக் கண்வலியாவது மிச்சமாகியிருக்கும். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அவள் கேட்டாள், "மேடம், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டப்பட்டு மேட்ச் பண்ண ஷேட் எது?"

ஒரு நீலம் என்றேன். பெயிண்டில் கஷ்டமா என்று கேட்டாள். பெயிண்டில் இல்லை என்று தொடங்கினேன். அதற்குள் பின்னால் கை கழுவ நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் இருந்த ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் அச்சு மை தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் இருந்தேன். கெமிஸ்ட்ரி படித்ததும் அங்கே கை பழகியதும் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விவேக் நகரிலிருந்து காலையில் கம்பெனி பஸ். ஓசூர் ரோட்டில் போய் இறங்கினால் கேட்டிலேயே தின்னர் வாசனை வரவேற்கும்.

ஷேட் செக்‌ஷனுக்குத் தலைவர் நஞ்சுண்டையா. மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தார். நான் மாம்பழ மஞ்சளில் கட்டியிருந்தேன். உள்ளே போய்ச் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். புடவையின் மஞ்சள் தகட்டில் விழுந்தால் தகட்டின் நிறம் பொய்யாகத் தெரியும் என்பதை ஒரு வாரம் கழித்து நானாகத்தான் புரிந்துகொண்டேன். அந்த அறையின் சுவரும் சாம்பல் நிறம். காலண்டர்கூட மாட்ட விடமாட்டார். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. காலை பத்துக்கு முன்னாலும் பிற்பகல் மூன்றுக்குப் பின்னாலும் யாரும் நிறம் பார்க்கக் கூடாது.

ஒரு நிறத்தை எப்படிச் சேர்ப்போம் என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் தரும் மாதிரிதான் எங்களுக்குச் சட்டம். அதைப்போல ஒரு தகட்டில் பூசி, முழுதாக உலரவிட வேண்டும். ஈரத்தில் எந்த நிறமும் அசல் நிறத்தைக் காட்டாது. உலர்ந்ததும் இரண்டு தகடுகளையும் நடுவில் கோடு தெரியாதபடி ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். நஞ்சுண்டையா மனசுக்குள் ஐந்து எண்ணும் நேரம்தான் பார்ப்பார். உடனே தலையைத் திருப்பிச் சாம்பல் சுவரைப் பார்த்துக் கண்ணை ஆறவிடுவார். அதற்கு மேல் பார்த்தால் வேறான இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடும். சரி, தப்பு என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "கெம்பா, ஹசிரா?" என்பார். சிவப்புப் பக்கம் போயிருக்கிறதா, பச்சைப் பக்கம் போயிருக்கிறதா என்று அர்த்தம். நான் பதில் சொன்னால் அடுத்த கேள்வி, "எஷ்டு?" எவ்வளவு என்று கேட்கிறார். ஒருமுறை "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டேன். எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் கிராம் கணக்கில் பதில் வைத்திருந்தேன்.

சரி பார்த்த நிறத்துக்கு ஒரு கார்டு எழுதுவோம். எந்தப் பொடி எத்தனை கிராம் என்ற விவரம் அதில் இருக்கும். கார்டுகள் எல்லாம் இரும்பு அலமாரிக்குள். சாவி இரண்டே பேரிடம், அவரிடமும் என்னிடமும்.

நாங்கள் செய்தது பெரும்பாலும் மெஷின்களுக்கும் பஸ் பாடிகளுக்கும் அடிக்கும் பெயிண்ட். ஆனால் அப்போது பெங்களூரில் புதுப்புது ஹோட்டல்களும் ஆபீஸ்களும் எழும்பிக்கொண்டிருந்தன. வரவேற்பறையில் சுவர் நீளத்துக்குப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். ஓவியர்கள் சிலர் அந்தப் பெரிய படங்களை ப்ளைவுட்டிலும் தகட்டிலும் எங்கள் மாதிரி கம்பெனிப் பெயிண்டால் வரைந்தார்கள். முதலாளிக்கு ஓவியத்தில் ஆசை உண்டு. அதனால் நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்று சின்ன ஆர்டர்களையும் வாங்கிப் போடச் சொல்வார். அப்படித்தான் திருமலை சார் எங்களிடம் வந்தார். அவர் பின்னாலேயே பெஞ்சமின் சார் வந்தார்.

திருமலை மல்லேஸ்வரத்துக்காரர். அப்பா அந்தக் காலத்து மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். இவர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு ஓவியத்தையே தொழிலாக எடுத்தவர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. பெஞ்சமின் பிரேசர் டவுன். கனத்த குரல். லேபுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் வந்திருப்பது தெரிந்துவிடும். இருவரும் இளவயதில் பிரேசர் டவுனில் ஒரே அறையில் நாலு வருடம் தங்கியவர்கள். ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள் என்று திருமலையின் மனைவி சரோஜா அம்மா பிறகு ஒருநாள் சொன்னார்.

அந்த அறையில் ஓர் ஒப்பந்தம் நடந்திருக்கிறது. இருவருடைய படமும் ஒன்றுபோல இருக்கிறது என்று யாரோ சொல்லப் போக, நீலம் இனி திருமலைக்கு, காவிச் சிவப்பு இனி பெஞ்சமினுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சில வருடம் அது நடந்தது. பிறகு திருமலை ஒரு படத்தின் மூலையில் ஓட்டு வீடு ஒன்று வரைந்தார். ஓடு எந்த நிறத்தில் இருக்கும்? மூன்று விரல் அகலம்கூட இல்லாத கூரை. பெஞ்சமின் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பதிலுக்கு அவர் ஒரு படத்தில் குளம் வரைந்தார். அன்றோடு பேச்சு நின்றது. எங்களிடம் வந்தபோது அவர்கள் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

திருமலை முதலாளியிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கினார். இந்த நீலத்தை வேறு எந்த ஓவியருக்கும் தரமாட்டோம் என்று கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம். செய்தி எப்படியோ பிரேசர் டவுனுக்குப் போனது. பத்து நாளில் பெஞ்சமின் வந்து சிவப்புக்கு அதேபோல ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். முத்திரை தன் கடிதத்தில் தெளிவாக விழவில்லை என்று இன்னொரு முறை குத்தச் சொன்னதும் நினைவிருக்கிறது. திருமலை செவ்வாய்க்கிழமை வருவார், பெஞ்சமின் வெள்ளிக்கிழமை. கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்குக்கூட இது தெரியும். அந்த இரண்டு கடிதங்களையும் ரத்து செய்யும்படி அவர்கள் கடைசிவரை கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்து இரண்டாம் வருடம். இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை திருமலை லேபுக்கு வராமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் பெஞ்சமின் பெரிய ஏரி ஒன்று வரைந்திருக்கிறான், அது என் நீலம், அச்சு அசலாக அதே நீலம், உங்கள் லேபிலிருந்து கார்டு வெளியே போயிருக்கிறது என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். சாம்பல் கோட்டோடு போய் நின்றேன். பெஞ்சமின் போகிற சர்ச்சுக்குத்தானே நீங்களும் போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். நான் ஆர்.சி., அவர் ப்ராட்டஸ்டண்ட், இரண்டு சர்ச்சும் வேறு வேறு என்று சொன்னேன். அந்த அறையில் அந்த வித்தியாசம் யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், பக்கத்து சீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று.

நஞ்சுண்டையா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ கொடுத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. பெஞ்சமினுக்கு போன் செய்து, உங்கள் ஏரி நீலத்தில் ஒரு தகடு பூசி எடுத்துவர முடியுமா என்றார். பெஞ்சமின் பெருமையோடு வந்தார். நஞ்சுண்டையா அதே நேரத்துக்குத் திருமலையையும் வரச் சொல்லியிருந்தார் என்பது எனக்கே தெரியாது. அத்தனை வருடத்துக்குப் பிறகு இருவரும் ஓர் அறையில் நின்றார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் நஞ்சுண்டையாவைப் பார்த்தே சொன்னார்கள்.

முதலில் எங்களிடம் இருந்த திருமலையின் நீலத் தகட்டையும் பெஞ்சமின் கொண்டுவந்ததையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிவைத்தார். ஒட்டுக் கோடு தெரியவில்லை. ஒரே நிறம். திருமலை, பக்கத்தில் வந்து நின்றிருந்த மேனேஜரைப் பார்த்தார். நஞ்சுண்டையா எழுந்து போய்க் கறுப்புத் திரையை இழுத்து ஜன்னலை மூடினார். மேசைமேல் இருந்த குண்டு பல்பைப் போட்டார். திருமலையின் தகடு நீலமாகவே இருந்தது. பெஞ்சமினின் தகடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது.

"ஒரே கார்டு ஆகியிருந்தா, ரெண்டும் ஒண்ணாத்தானே மாறணும்? இவரு வேற பொடி போட்டு, சொந்தமா சேர்த்திருக்காரு. இந்த அம்மா கார்டைக் கொடுக்கலே" என்றார் நஞ்சுண்டையா. அவர் தொடர்ச்சியாக அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உண்மைதான். பெஞ்சமின் கடையில் டப்பா டப்பாவாக வாங்கி, தன் மாடியில் வைத்து மூன்று மாதம் கலந்து பார்த்திருக்கிறார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. ஹோட்டலில் சாயங்காலம் ஆனால் பல்புதானே போடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். "ஹௌது, ஆமா" என்றார் நஞ்சுண்டையா. திருமலை சிரித்துவிட்டார். பெஞ்சமின் தகட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சண்டை இன்னும் முற்றியது. ஆனால் அன்று திருமலை போகும்போது என் மேசை முன் நின்று, "தப்பா நெனச்சுட்டேன் அம்மா" என்றார். மேனேஜர் அதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள்.

ஷ்ருதி கேட்ட கஷ்டமான நீலம் இது இல்லை. அது வர இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது.

இரண்டாயிரம் பிறந்த சமயம். திருமலைக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. வழக்கம்போல நீலம் கலந்து கொடுத்தேன். தகட்டைப் பார்த்துவிட்டு, இதில் பழுப்பு சேர்ந்திருக்கிறதே என்றார். மாதிரித் தகட்டோடு ஒட்டிவைத்துக் காட்டினேன், கோடே இல்லை. அப்படியானால் உங்கள் மாதிரியே மங்கிவிட்டது என்றார். எந்த மாதிரியிலும் இரண்டு தகடு செய்து, ஒன்றை வெளிச்சம் படாதபடி கறுப்புக் காகிதத்தில் சுற்றி வைப்பது வழக்கம். அதைப் பிரித்துக் காட்டினேன். அதுவும் மங்கல் என்றார். வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுங்கள் என்று சேல்ஸ் பக்கத்திலிருந்து சொன்னார்கள். நான் நீலத்தைக் கூட்டினேன். நாலு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். பிறகு மீண்டும். இரண்டு வருடத்தில் அந்த நீலத்துக்கு மூன்று புதுக் கார்டு எழுதிவிட்டேன். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்த சந்தேகத்தைக் கார்டோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பெஞ்சமின் வந்தார். சிவப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்து அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ரெஜினாம்மா, அந்த ஆளுக்கு நீ இன்னா கலந்து குடுக்குற?"

வேறு ஒருவருடைய ஆர்டரைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன்.

"பேசாத. நான் சொல்றேன், கேளு. அவன் படம் எங்க வெச்சாலும் நான் போய்ப் பார்ப்பேன். அவன் இல்லாத நேரமாப் பார்த்துப் போவேன். ரெண்டு வருஷமா வானம் கத்துது. ஒவ்வொரு படத்துலயும் இன்னும் ஜாஸ்தியா கத்துது. அவன் அப்படிப் போடுறவன் இல்ல. அவனுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

அதை நீங்களே அவரிடம் சொல்லலாமே என்றேன். தலையை ஆட்டினார். நான் சொன்னால் பொறாமை என்பான், டாக்டரிடம் போகாமல் வீம்புக்கு இன்னும் வரைவான் என்றார். எழுந்தபோது ஸ்டூலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அதற்கு முன் அப்படி அவர் செய்ததே கிடையாது.

நஞ்சுண்டையாவுக்கு அப்போது ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அவரிடம் மூன்று கார்டுகளையும் எடுத்து வைத்தேன். வரிசையாகப் பார்த்தார். இதை எனக்கு முன்னாலேயே காட்டியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வில்லைப் பெட்டியை எடுத்து வை என்றார், அவ்வளவுதான்.

எங்கள் லேபில் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய கண் பரீட்சை அது. ஒரு நீளப் பெட்டியில் பொத்தான் அளவு நிற வில்லைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம். கலைத்துப் போட்டதை வரிசைப்படுத்த வேண்டும். வில்லைக்கு அடியில் எண் இருக்கும். செவ்வாய்க்கிழமை திருமலை வந்ததும், சார், நாங்கள் எல்லோரும் செய்வது, நீங்களும் ஒருமுறை செய்து பாருங்களேன் என்றேன். விளையாட்டுப்போல உட்கார்ந்தார். சிவப்பு வரிசையை மளமளவென்று அடுக்கினார். ஒரு தப்பும் இல்லை. நீல வரிசையில் கை நின்றது. ஒரு வில்லையை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பினேன். எண்கள் தாறுமாறாக இருந்தன.

வெகுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று கார்டுகளையும் எடுத்து, அந்த வரிசையிலேயே தகடுகளையும் ஜன்னலில் வைத்தேன். உங்களுக்கு இவை ஒன்றுபோலத் தெரிகிறதா என்று கேட்டேன். கடைசி இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்று இல்லை சார் என்றேன். கேட்டபோதெல்லாம் கூட்டிக் கொடுத்தது நான்தான், அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றியது இந்தப் பரீட்சை வைக்க என்று கேட்டார்.

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னேன்.

"பெஞ்சமினா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் என் படத்தைப் பார்க்கிறானா?"

எல்லாப் படத்தையும் பார்க்கிறார் சார் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று நீலம் வாங்காமல் போனார்.

கண்புரைதான். இரண்டு கண்ணிலும் பழுத்திருந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டுக்கும் ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே நடந்தது. கட்டுப் பிரித்த அன்று வீட்டுத் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து இது இவ்வளவு வெள்ளையா என்று கேட்டாராம். சரோஜா அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சரோஜா அம்மாவிடமிருந்து மறுபடி போன். குரல் சரியில்லை. அந்த இரண்டு வருடத்தில் வரைந்த படங்களில் விற்காதவை பதினொன்று வீட்டில் இருந்தன. எல்லாவற்றையும் ஹாலில் சுவரோரம் சாய்த்துவைத்து, எதிரே வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மேலே பூசி மூடப்போவதாகச் சொல்கிறார், சாப்பிடவும் இல்லை என்றார். நான் பெஞ்சமினுக்கு போன் செய்தேன். செய்யலாமா கூடாதா என்று அன்று யோசிக்கவில்லை. பிறகு ஆட்டோ பிடித்து மல்லேஸ்வரம் போனேன்.

எனக்கு முன்னாலேயே பெஞ்சமின் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நின்றிருந்தார். சரோஜா அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போனார். திருமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பெஞ்சமின் அவரைத் தாண்டிப் போய்ப் படங்களின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நீலம் நான் கலந்தது. பதினொரு வானமும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணைக் குத்தியது. நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன்.

"கை வெக்காத இதுல" என்றார் பெஞ்சமின், திரும்பாமலே.

"என்னாலே பார்க்க முடியலடா. யாரோ குடிச்சுட்டுப் போட்ட மாதிரி இருக்கு."

"உன்னால முடியல. என்னால முடியுது." படங்களைக் காட்டி, "அந்த ரெண்டு வருஷமும் உனக்கு ஒலகம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. நீ இருட்டு இருட்டாப் போட்டிருக்கலாம். போடல. வானம் எப்படி இருக்கணும்னு தேடித் தேடிப் பூசியிருக்க. இதை மூடுறேன்னு சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

திருமலை கையில் இருந்த பிரஷ்ஷைத் தரையில் வைத்தார். பெஞ்சமின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தனக்கு ஒன்று வேண்டும் என்றார். அமைதியான படமாகப் பார்த்து ஒன்றைத் திருமலை எடுத்து நீட்டினார். பெஞ்சமின் அதைத் திருப்பி வைத்துவிட்டு, இருப்பதிலேயே அதிகமாகக் கத்துகிற படத்தைத் தூக்கினார். அது வேண்டாம், அதில் தண்ணீரின் விளிம்பு சரியாக வரவில்லை என்றார் திருமலை. உனக்கு என்ன தெரியும், நீ அப்போது கண் தெரியாதவன் என்றார் பெஞ்சமின். இருவரும் அந்தத் தண்ணீரின் விளிம்பைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். சரோஜா அம்மா நடுவில் இரண்டு தட்டில் உப்புமா கொண்டுவந்து வைத்தார். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

படம் நாலடி நீளம். ஆட்டோவில் தனியாக வைத்துப் பிடிக்க முடியவில்லை, பிரேக் போட்டால் சரிந்துவிடும். இன்னொரு ஆட்டோ பார்க்கலாமா என்று நான் கேட்டேன். திருமலை உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சமினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். படத்தை இருவர் மடியிலும் குறுக்கே வைத்தோம். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேசர் டவுன் போகணும், மெதுவா போப்பா என்று டிரைவரிடம் திருமலை சொன்னார். தெருமுனை திரும்பும்வரை அந்த நீலம் தெரிந்தது.